வீடு தேடும் பேய்க்கணவாய்



ஆர்.எஸ்.மங்கலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது நம் பெரிய கண்மாய்தான். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெருமையோடு சொல்லுவார்கள். கெண்டையும் கெளுத்தியும் விராலும் உங்களில் பலருக்குப் பழக்கமான மீன்கள். ஆனால் கிழக்கே பாக் நீரிணைக் கரையோரச் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படிக்கும் பெண்களும் நம் வகுப்பில் இருக்கிறோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் நடப்பது கடற்பேச்சு. அந்தப் பேச்சில் அடிக்கடி வந்துபோகும் ஓர் உயிரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அது பேய்க்கணவாய். ஆங்கிலத்தில் ஆக்டோபஸ் என்பார்கள். பாடநூலில் எண்காலி என்றும் காணலாம்.

கணவாய் என்றால் எல்லாம் ஒன்று என நினைத்துவிடாதீர்கள். நீண்டு மெலிந்து கண்ணாடி போன்ற முள் உடையது ஊசிக் கணவாய். உள்ளே வெள்ளை ஓடு உடையது ஓட்டுக் கணவாய். அந்த ஓடுதான் கரையில் ஒதுங்கி, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் விற்கிறது. பேய்க்கணவாய்க்கோ முள்ளும் இல்லை, ஓடும் இல்லை. எட்டுக் கைகளும், ஒரு பை போன்ற உடலும், நடுவே கிளி மூக்குப் போன்ற ஓர் அலகும் மட்டுமே. உடம்பில் கெட்டியான பகுதி அந்த அலகு ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆகவே அலகு நுழையும் துவாரம் எதுவோ அதன் வழியே முழு உடம்பும் நுழைந்துவிடும். இதை எழுத்தில் படிப்பது வேறு, விடியற்காலையில் அடுப்படித் தரையில் பார்ப்பது வேறு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஓடு இல்லாத உடம்பு என்பதால் இதற்கு எந்நேரமும் ஒரே கவலை: எங்கே ஒளிவது? கலவாய் மீனும் விலாங்கும் இதை விரும்பி உண்கின்றன. எனவே பாறை இடுக்கு, காலிச் சிப்பி, உடைந்த பானை எது கிடைத்தாலும் அதற்குள் புகுந்துகொள்ளும். எங்கள் கடற்கரை மக்கள் இந்தக் கவலையை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்துகொண்டார்கள். அறிந்ததோடு நில்லாமல் அதையே பொறியாகவும் ஆக்கினார்கள்.

இராமேசுவரம் சங்குக் கடைகளில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் ஐவிரல் சங்கைப் பார்த்திருப்பீர்கள். உயிர் போன வெறும் சங்குகளைத் துளையிட்டு ஒரு நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டி, ஆழமில்லாத கடலடியில் கிடத்துவார்கள். தீனி எதுவும் வைப்பதில்லை. கொக்கி இல்லை, வலையும் இல்லை. காலியான வீடு ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். இரவில் பேய்க்கணவாய் வந்து குடியேறும். கயிற்றை இழுக்கும்போது வெளியே குதித்துத் தப்பிக்கலாம்; ஆனால் அது தப்புவதில்லை. ஆபத்து என்றால் வீட்டுக்குள் இன்னும் இறுக ஒட்டிக்கொள்வதுதான் அதன் குணம். சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற ஆங்கிலேயர், 1917-இல் வெளியிட்ட உண்ணத்தக்க சிப்பி வகைகள் பற்றிய நூலில் பாக் நீரிணையின் இந்தச் சங்குக் கயிற்று முறையை எழுதி வைத்திருக்கிறார். அன்று அது பெரும்பாலும் தூண்டிலுக்கு இரையாகப் போயிற்று. இன்று விசைப்படகு மடியில் விழும் பேய்க்கணவாய் குளிர்பதன ஆலை வழியாக வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது.

என் தாத்தா இளம் வயதில் இந்தக் கயிறு போட்டவர். சங்கின் உட்புறத்தில் முட்டை ஒட்டியிருந்தால் அந்தச் சங்கை மட்டும் அவிழ்த்துக் கடலிலேயே போட்டுவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். "அது சாகுறவரைக்கும் வெளிய வராதுத்தா" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான், பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு பேய்க்கணவாயை வீட்டில் வளர்ப்பது என்று முடிவு செய்தேன். இப்படி ஆசைப்பட்ட முதல் பெண் நானல்லள் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் வரலாற்றிலேயே ஒரு பெண்ணும் ஓர் எண்காலியும் இருக்கிறார்கள்!

அந்தப் பெண்மணியின் பெயர் ழான் வில்ப்ரு-பவர். 1794-இல் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பாரிசுக்குச் சென்று தையல், பூவேலை செய்து பிழைத்தவர். அரச குடும்பத் திருமணத்துக்கு ஆடை தைத்துப் பெயர் பெற்றார். 1818-இல் திருமணமாகி இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் குடியேறினார். அங்கே ஆர்கோநாட் என்ற ஒருவகை எண்காலி கிடைத்தது. அதன் பெண் மட்டும் காகிதம்போல் மெல்லிய வெண்சங்கு ஒன்றைச் சுமந்து திரியும். அந்தச் சங்கு அதற்குச் சொந்தமா, அல்லது வேறொரு உயிரிடமிருந்து திருடியதா என்று அறிஞர்கள் பல காலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். செத்த உயிரைப் புட்டியில் வைத்துக்கொண்டு வாதாடினால் எப்படித் தெரியும்? ழான் அம்மையார் 1832-ஆம் ஆண்டளவில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி செய்தார்; கடலில் இறக்கி வைக்கும் கூண்டுகளும் செய்தார். உயிருள்ள ஆர்கோநாட்டை அவற்றில் வைத்து நாள்தோறும் பார்த்தார். சங்கைச் சிறிது உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தத் தாய் தன் கைகளிலிருந்து சுரந்த பொருளால் உடைந்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டது. வழக்கு தீர்ந்தது: வீடு திருடியதன்று, தானே கட்டியது. ஊசி பிடித்த கை எவ்வளவு பொறுமை உடையது பாருங்கள்.

இனி என் தொட்டிக்கு வருவோம். சித்தப்பா வீட்டில் மூலையில் கிடந்த 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பழைய தொட்டி கிடைத்தது. கணக்குப் போட்டால் சுமார் 190 லிட்டர். பேய்க்கணவாய் சிறிதாக இருந்தாலும் இதற்குக் குறைவான தொட்டி ஆகாது. ஏனெனில் அது நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவிலிருந்து வரும் அமோனியா சிறிய தொட்டியில் ஒரே நாளில் நஞ்சாகிவிடும். கடலோரத்தில் இருப்பதால் எங்களுக்கு உப்புத்தூள் வாங்கிக் கரைக்கும் செலவு இல்லை. குடம் குடமாக நடைதான். முதல் நாள் மாலை நீர் எடுத்து, தெளியட்டும் என்று வீட்டிலிருந்த பெரிய செம்பு அண்டாவில் இரவு முழுதும் வைத்து, காலையில் தொட்டியில் ஊற்றினேன். காற்றுக் குமிழி விடும் சிறு மோட்டாரும் வைத்தேன். அப்பா கொண்டுவந்த பேய்க்கணவாயை உள்ளே விட்டேன்.

அது வெளிறிப்போய் மூலையில் ஒடுங்கியது. ஒளிவதற்கு நான் எதுவும் வைக்கவில்லை. நன்றாகத் தெரிய வேண்டும் என்று வெறும் தொட்டியாக வைத்திருந்தேன். நான் கண்ணாடியைத் தட்டியபோது மையைக் கக்கியது. கடலில் அந்த மை எதிரியின் கண்ணை மறைத்துவிட்டுக் கரைந்துபோகும். தொட்டியில் எங்கே போகும்? கக்கிய உயிரின் செவுளிலேயே போய்ப் படிகிறது. மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது.

விடுமுறை முடிந்து நம் உயிரியல் ஆசிரியையிடம் சொன்னபோது அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாய்?" என்பது. செம்பு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பேய்க்கணவாயின் இரத்தம் நீல நிறம். நமக்கு இரத்தத்தில் இரும்பு இருந்து உயிர்க்காற்றைச் சுமப்பதுபோல் அதற்குச் செம்பு சுமக்கிறது. அந்தச் செம்பே நீரில் சிறிதளவு கரைந்திருந்தாலும் அதைக் கொன்றுவிடும். நம் வீட்டில் குடிநீருக்கு நல்லது என்று போற்றும் பாத்திரம், அதற்கு எமன். அந்த அண்டாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் உறுத்துகிறது.

மறு ஆண்டு விடுமுறையில் மீண்டும் முயன்றேன். இம்முறை பிளாஸ்டிக் குடம். தொட்டியின் அடியில் நான்கு விரற்கடை மணல், சில கூழாங்கற்கள், தாத்தாவின் பழைய ஐவிரல் சங்கு ஒன்று. வெயில் படாத மூலை. நீரை இரண்டு நாளைக்கொரு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். மேலே பலகை மூடி, அதன்மேல் இரண்டு செங்கல். வேறு மீன் எதுவும் கிடையாது. விட்டால் ஒன்று இது அதைத் தின்னும், அல்லது அது இதைக் கடிக்கும்.

நம் பக்கத்து மடிகளில் மிகுதியாக அகப்படுவது மணற்பாங்கான அடியில் வாழும் ஈஜினா என்ற இனம். மண்டபம் கடற்பகுதியில் இதன் வயதையும் வளர்ச்சியையும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2011-இல் வெளிவந்துள்ளது. எனக்குக் கிடைத்ததும் அதுவாகவே இருக்கும் என்று ஆசிரியை சொன்னார்கள். விட்ட மாத்திரத்தில் அது தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சங்கைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு கையாக உள்ளே விட்டுச் சோதித்து, பிறகு பின்புறமாகவே உள்ளே நுழைந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஒரு கூழாங்கல்லை இழுத்து வாசலில் வைத்தது. பிறகு இன்னொன்று. நான்காவது கல்லுக்குப் பின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கதவடைத்துவிட்டு என்னைப் பார்த்தது!

அந்தக் கண்ணை நீங்கள் பார்க்க வேண்டும். கருமணி வட்டமாக இல்லாமல் படுக்கைக் கோடாக இருக்கும். உடம்பை எப்படித் திருப்பினாலும் கோடு கிடைமட்டமாகவே நிற்கும். அவ்வளவு நல்ல கண் இருந்தும் அதற்கு நிறம் தெரியாது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஆனால் தோலிலோ ஆயிரமாயிரம் நிறப்பைகள். கண்ணிமைக்கும் நேரத்தில் மணல் நிறம், செம்பழுப்பு, புள்ளி, கோடு என மாறுகிறது. நிறம் தெரியாத உயிர் நிறத்தை எப்படி இவ்வளவு சரியாகப் பொருத்துகிறது என்பது இன்றும் விவாதத்தில் உள்ள கேள்வி.

தீனிக்கு உயிருள்ள சிறு நண்டு. நண்டைக் கண்டதும் உடம்பு கறுக்கும். பிறகு குடை விரித்ததுபோல் மேலே விழும். எச்சிலில் உள்ள நஞ்சால் நண்டைச் செயலறச் செய்து, சதையை மட்டும் எடுத்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் காலி ஓடுகள் சங்கின் வாசலில் குவிந்திருக்கும். குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளும் நல்ல பழக்கம் என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

அதன் மூளையின் கணக்கு வியப்பானது. ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள்; அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. உறிஞ்சிகள் தொடுவதோடு சுவையும் பார்க்கின்றன. அதாவது ஒவ்வொரு கையும் தானே ஓரளவு யோசிக்கிறது. இதயங்கள் மூன்று: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு.

ஆட்களை அடையாளம் காணுமா? அமெரிக்காவில் சியாட்டில் கடல்வாழ் காட்சியகத்தில் ஒருவர் தீனி கொடுக்க, இன்னொருவர் குச்சித் தூரிகையால் உறுத்த, எண்காலிகள் இருவரையும் பிரித்தறிந்ததாக 2010-இல் ஆய்வு வெளியிட்டார்கள். எங்கள் வீட்டில் இதே ஆய்வு தம்பியின் குறும்பால் தானாகவே நடந்தது. அவன் துடைப்பக் குச்சியால் ஒருமுறை குத்தினான். அதன்பின் மூடியைத் திறந்து அவன் எட்டிப்பார்த்த இரண்டு தடவையும் முகத்தில் நீரைப் பீய்ச்சியது. நான் போனால் சங்கிலிருந்து ஒரு கையை நீட்டும். அன்பு என்று சொல்லமாட்டேன். நண்டு வரும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கை என் விரலைச் சுற்றியபோது குளிர்ந்து, மெல்ல ஒட்டி, விடும்போது ஒவ்வோர் உறிஞ்சியாக விட்டதை மறக்க முடியவில்லை.

ஐந்தாம் இரவுதான் முன்பு சொன்ன கதை. விடியற்காலை அப்பத்தா அலறினார்கள். ஓடிப்போனால், அடுப்படித் தரையில் ஆட்டுக்கல்லின் ஈரக் குழியை நோக்கி அது ஊர்ந்துகொண்டிருக்கிறது! மூடியில் காற்றுக் குழாய்க்காக நான் விட்டிருந்த ஓட்டை ஒரு ரூபாய் நாணய அளவுதான். அப்பா ஈரத்துணியால் அள்ளித் தொட்டியில் விட்டார்கள். அதிர்ச்சி தெளிந்ததும் அப்பத்தா கேட்டார்கள்: "வீடு குடுத்த, தீனி குடுத்த. அப்புறம் என்னத்தைத் தேடுது அது?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு உலகில் வேறெங்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று தேடினேன். 2016-இல் நியூசிலாந்து நாட்டு நேப்பியர் நகரக் காட்சியகத்தில் இங்கி என்று பெயரிட்ட எண்காலி, இரவில் தொட்டியை விட்டிறங்கி, தரையில் ஊர்ந்து, ஒரு வடிகுழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது. இந்தோனேசியக் கடலில் சில எண்காலிகள் மனிதர் வீசிய தேங்காய் ஓடுகளைச் சுமந்துகொண்டே நடந்து, வேண்டிய இடத்தில் கவிழ்த்து வீடாக்கிக்கொள்வதை 2009-இல் அறிவித்தார்கள். வீட்டின்மேல் இவ்வளவு ஆசை உள்ள உயிர், வீட்டை அடைத்துச் சாத்தினால் மட்டும் வெளியேறப் பார்க்கிறது. கதவு அதன் கையில் இருக்க வேண்டும் போலும்.

தாத்தா சொன்ன பேச்சுக்கும் இந்தத் தேடலில்தான் பொருள் கிடைத்தது. பேய்க்கணவாயின் ஆயுள் குறைவு. நம் கடற்பகுதிச் சிற்றினங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு என்று கொள்ளலாம். பெண் தன் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிடும். முட்டைகளைச் சரம் சரமாகவோ கொத்தாகவோ வைத்து, குஞ்சு பொரிக்கும்வரை நீரை ஊதிக்கொண்டும் கைகளால் துடைத்துக்கொண்டும் காவலிருக்கும். இந்தக் காலத்தில் இரை எடுப்பது பெரும்பாலும் நின்றுவிடும். குஞ்சுகள் வெளியேறியதும் தாய் இறந்துவிடும். நம் நாட்டிலும் இதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர் உண்டு: டால்ஃபசி என்ற இனத்தின் தாய்க்காவல் பற்றி ஆர். சர்வேசன் 1969-இல், மண்டபம் முகாமில் தோன்றிய இந்தியக் கடலுயிரியல் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். 1977-இல் அமெரிக்க அறிஞர் ஜெரோம் வோடின்ஸ்கி, கண்ணருகே உள்ள ஒரு சுரப்பியை அகற்றினால் தாய் காவலை விட்டு மீண்டும் உண்ணத் தொடங்கி நெடுநாள் வாழ்வதைக் காட்டினார். ஆகவே பட்டினியும் சாவும் அந்தச் சுரப்பியின் ஆணை. கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு தாய் ஒரே பாறையில் 53 மாதங்கள் முட்டைகளோடு இருந்ததை 2014-இல் வெளியிட்டபோது உலகமே திகைத்தது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. என் தொட்டியில் இருப்பது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஓராண்டே ஆயுள் என்றால் என் வீட்டில் கழிந்த எட்டு நாள் அதற்கு எவ்வளவு பெரிய பங்கு! நம் ஆயுளோடு ஒப்பிட்டால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரும். முட்டையிட வேண்டிய காலம் என் மூலையில் கழிந்துபோனால்?

தோழியரில் யாராவது வளர்க்க நினைத்தால் ஒன்றிரண்டு எச்சரிக்கை. எந்தக் கணவாயையும் வெறுங்கையால் எடுத்துப் பழகாதீர்கள், கடித்தால் வீங்கும். உடம்பில் நீல வளையம் மின்னும் சிறு வகையைக் கண்டால் அருகிலேயே போகக் கூடாது. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அந்தக் குலத்தைச் சேர்ந்த ஓரினம் வங்காள விரிகுடாவில் அந்தமானிலிருந்து 1938-இலேயே விவரிக்கப்பட்டுள்ளது. தொட்டியை அழகுபடுத்தப் பவளப்பாறையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. வளர்க்காமல் பார்க்க மட்டும் ஆசை என்றால், கடல் நன்றாக வற்றும் நேரத்தில் பெரியவர்கள் துணையோடு கரையோரம் நடந்து, நண்டு ஓடுகள் குவிந்திருக்கும் துளையைத் தேடுங்கள். அதுதான் வாசல்.

ஒன்பதாம் நாள் மாலை நீர் வற்றும் நேரம் பார்த்து, சங்கோடு அதை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். கணுக்கால் அளவில் சேறு. அதைத் தாண்டி இடுப்பளவு நீரில், கடற்புல் திட்டுக்குப் பக்கத்தில் சங்கை மெதுவாக வைத்தேன். ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. வாசலில் கண் மட்டும் தெரிந்தது. வெகுநேரம் நின்றோம். இருட்டிவிட்டதால் அப்பா கூப்பிட்டார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன். சங்கு வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வாசலில் புதிதாய் இரண்டு நண்டு ஓடுகள் கிடந்தன.